சிந்துவெளி ஊர்களுக்குப் பழங்கால மழை: கியூஜிஐஎஸ்ஸில் காலநிலை மாதிரித் தரவைக் கையாளும் முறை

ஹரப்பா, மொகஞ்சதாரோ, தோலாவிரா, காளிபங்கன், ராக்கிகர்ஹி என ஐந்து புள்ளிகளை வரைபடத்தில் வைத்துவிட்டு, 4,500 ஆண்டுகளுக்கு முன் அங்கே எவ்வளவு மழை பெய்தது என்று கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளிடம் கேட்டால் அது தயங்காமல் ஓர் எண்ணைத் தந்துவிடும். எண் கிடைக்க அரை மணி நேரம் போதும். அந்த எண்ணை எதுவரை நம்பலாம், எதற்குமேல் நம்பக்கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் பல நாள் பிடிக்கும். இந்தக் கட்டுரை இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. எடுத்துக்காட்டு முழுவதும் சிந்துவெளி. முறை எந்த நிலப்பகுதிக்கும் பொருந்தும்.

முதலில் ஒரு சிறு கணக்கு. கிழக்குத் தீர்க்கரேகை 60 முதல் 80 வரை, வடக்கு அட்சரேகை 22 முதல் 36 வரை ஒரு செவ்வகம் வரையுங்கள். சிந்துவெளி ஊர்கள் ஏறக்குறைய எல்லாம் இதற்குள் வந்துவிடும். இணையத்தில் கிடைக்கும் 2.5 நிமிடத் தரவில் (நிமிடம் என்பது இங்கே பாகையில் அறுபதில் ஒரு பங்கு) இந்தச் செவ்வகத்துக்குள் 480 × 336, அதாவது 1,61,280 பிக்சல்கள். அந்தத் தரவுக்கு மூலமான காலநிலை மாதிரியில், அதாவது காலநிலையைக் கணக்கிடும் கணினி உருவகத்தில், ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 3.75 பாகை. அந்த அளவில் இதே செவ்வகத்துக்குள் இருப்பவை ஏறத்தாழ இருபது கட்டங்கள். இருபது கட்டங்கள் எப்படி ஒன்றரை லட்சம் பிக்சல்களாயின? மாதிரி சொல்லும் மாற்றத்தை மென்மையாகப் பரப்பி, அதை இன்றைய மழை, வெப்ப வரைபடத்தின்மேல் ஏற்றினார்கள். திரையில் தெரியும் மலைச்சரிவும் பள்ளத்தாக்கும் இன்றைய காலநிலையின் நுணுக்கம். பழங்காலத்தைப் பற்றிய செய்தி அந்த இருபது கட்டங்களில் மட்டுமே இருக்கிறது. காளிபங்கனுக்கும் ராக்கிகர்ஹிக்கும் இடையே சுமார் 190 கி.மீ. தூரம், மூல மாதிரியில் இரண்டும் ஒரே கட்டத்துக்குள் விழுகின்றன. கீழே வரும் எல்லா எச்சரிக்கைகளுக்கும் வேர் இதுதான்.

எந்தத் தரவு, எந்தக் காலம்

தொல்லியலாளர்கள் அதிகம் எடுப்பது பேலியோகிளைம் தொகுப்பை. 2018-இல் வெளியானது, இலவசம், 2.5, 5, 10 நிமிட அளவுகளில் கிடைக்கும். ஒவ்வொரு காலத்துக்கும் 19 உயிர்க்காலநிலை மாறிகள் (வெப்பம், மழை ஆகியவற்றின் ஆண்டு, பருவ அளவுகள்) தனித்தனி டிஃப் கோப்புகளாக வரும். கடைசிப் பனியுகத்துக்குப் பின்வந்த ஹோலோசீன் காலத்துக்கு இதில் மூன்று துண்டுகள்: 11,700–8,326 ஆண்டுகளுக்கு முன், 8,326–4,200 ஆண்டுகளுக்கு முன், 4,200–300 ஆண்டுகளுக்கு முன்.

இங்கேயே சிந்துவெளி ஆய்வாளருக்கு முதல் இடி. முதிர் ஹரப்பா காலம் பொதுவாக கி.மு. 2600–1900 என்று கொள்ளப்படுகிறது. "முன்" என்பது 1950-இலிருந்து எண்ணப்படுவதால் இதை 4,550–3,850 ஆண்டுகளுக்கு முன் என்று மாற்ற வேண்டும். பேலியோகிளைம் துண்டுகளின் எல்லையான 4,200 இதன் நட்டநடுவில் விழுகிறது. மேகாலயாவின் மவ்ம்லூ குகைப் படிவை அடையாளமாக வைத்து 2018-இல் அறிவிக்கப்பட்ட மேகாலயன் காலத்தின் தொடக்கம்தான் அந்த எல்லை. நகரங்கள் செழித்த நூற்றாண்டுகள் ஒரு துண்டிலும், தேய்ந்த நூற்றாண்டுகள் மற்றதிலும் கிடக்கும். ஒவ்வொரு துண்டும் நாலாயிரம் ஆண்டுச் சராசரி. இரண்டையும் கழித்துவிட்டு "4,200 ஆண்டுகளுக்கு முந்தைய வறட்சியால் இவ்வளவு மழை குறைந்தது" என்று எழுதினால் அது பிழை. நீங்கள் கழித்தது இரண்டு நீண்ட சராசரிகளை. ஓரிரு நூற்றாண்டு நீடித்த வறட்சி இரண்டிலும் கரைந்துபோயிருக்கும்.

அப்படியானால் நூறாண்டுக்கு ஒரு படம் தரும் செல்சா டிரேஸ்21கே தரவை எடுக்கலாமே என்று தோன்றும். கடந்த 21,000 ஆண்டுகளுக்கு, சுமார் 1 கி.மீ. அளவில், மாதவாரி மழையும் வெப்பமும் அதில் உண்டு. நல்ல தரவுதான். ஆனால் இரண்டு விஷயங்களை மனத்தில் வைக்க வேண்டும். ஒன்று, அதன் தாய் சிசிஎஸ்எம்3 மாதிரியில் ஓட்டப்பட்ட டிரேஸ் உருவகம். பூமியின் சுற்றுப்பாதை மாற்றம், பசுங்குடில் வாயுக்கள், பனிப்பாளங்கள், உருகி வந்த நன்னீர் ஆகியவைதான் அதற்குக் கொடுக்கப்பட்ட உள்ளீடுகள். 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த வறட்சியைத் தூண்டும் காரணம் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே அது அங்கே சரியான நூற்றாண்டில் தலைகாட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு, பேலியோகிளைமின் ஹோலோசீன் துண்டுகளும் இதே டிரேஸ் உருவகத்திலிருந்து வந்தவை. இரண்டு தொகுப்புகளும் ஒத்துப்போகின்றன என்பதைச் சான்றாக எழுதிவிடாதீர்கள். ஒரே சாட்சியை இரண்டு முறை கூண்டில் ஏற்றியதாகிவிடும்.

உண்மையான இரண்டாவது சாட்சி வேண்டுமென்றால் பேயர், கிராப், மனிகா ஆகியோர் 2020-இல் வெளியிட்ட தரவை எடுக்கலாம். இது ஹாட்சிஎம்3 என்ற வேறு மாதிரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அரைப் பாகை அளவு, அதாவது பிக்சலுக்கு சுமார் 55 கி.மீ. கடந்த 1,20,000 ஆண்டுகளுக்கு மொத்தம் 72 காலத்துண்டுகள். 22,000 ஆண்டுகளுக்கு முன்வரை இரண்டாயிரத்துக்கு ஒன்று, அதன்பின் ஆயிரத்துக்கு ஒன்று. பிக்சல் பெரிதாக, சொரசொரப்பாகத் தெரியும். அதுவே ஒருவகையில் நேர்மை. பிக்சலைப் பார்த்து மயங்கும் வாய்ப்பு குறைவு.

எங்கள் பரிந்துரை: பின்னணிப் போக்குக்குப் பேலியோகிளைம் அல்லது செல்சா டிரேஸ், சரிபார்க்கப் பேயர் குழுவின் தரவு. வேர்ல்டுகிளைம் 1.4 என்ற இன்னொரு தொகுப்பில் 6,000 ஆண்டுகளுக்கு முந்தைய படமும் உண்டு. பல மாதிரிகளின் முடிவுகள் தனித்தனியாகக் கிடைப்பது அதன் பலன். ஆனால் முதிர் ஹரப்பாவுக்கு 6,000 மிகவும் முந்தியது. மெஹர்கர் போன்ற தொடக்க வேளாண் ஊர்களுக்குப் பயன்படும்.

போகிற போக்கில் தமிழக ஆய்வாளர்களுக்கு ஒன்று: கீழடி, ஆதிச்சநல்லூர் போன்ற இடங்கள் முழுவதும் 4,200–300 என்ற ஒரே துண்டுக்குள் அடங்கிவிடும். பேலியோகிளைமை வைத்து அங்கே காலமாற்றம் எதையும் பேச முடியாது. இலங்கையின் பாஹியன்கல, பட்டதொம்பலென குகைகளுக்கோ நிலைமை வேறு. கடைசிப் பனியுச்சக் காலத் துண்டில் (சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன்) கடல்மட்டம் நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்ததால் பாக் நீரிணை நிலமாகத் தெரியும், அது பிழையன்று.

இறக்கியவுடன் செய்ய வேண்டியவை

அலகைப் பாருங்கள். பேலியோகிளைமில் வெப்பநிலை பத்தால் பெருக்கப்பட்டு முழு எண்ணாக இருக்கும். சிந்து மாகாணத்தில் ஆண்டுச் சராசரி வெப்பம் 260-ஐ ஒட்டி வந்தால் அது 26 பாகை செல்சியஸ். மழைக்கு இந்தப் பெருக்கல் கிடையாது, மி.மீ. அப்படியே. மாதிரிகளின் மூல வெளியீட்டை நேரடியாக எடுத்தால் வெப்பம் கெல்வினில் இருக்கும். மழை சதுர மீட்டருக்கு நொடிக்குக் கிலோகிராம். அதை 86,400-ஆல் பெருக்கினால் நாளுக்கு மி.மீ. பிறகு மாத நாட்களால் பெருக்கும்போது கவனம் தேவை: சில மாதிரிகளின் ஆண்டு 360 நாள், மாதம் முப்பதே நாள். 31-ஆல் பெருக்கினால் கணக்கு கூடிப்போகும். மூல வெளியீட்டில் அட்சரேகை இடைவெளியும் சீராக இருக்காது. கியூஜிஐஎஸ் அதைச் சீரானதாக எடுத்துக்கொண்டு படத்தைச் சற்றே நகர்த்திவிடும். முன்கூட்டியே சீரான கட்டத்துக்கு மாற்றிவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். தீர்க்கரேகை 0 முதல் 360 வரை எண்ணப்பட்டிருக்கும். சிந்துவெளிக்கு இது தொல்லையில்லை, மேற்கு ஆப்பிரிக்காவில் வேலை செய்பவருக்குப் படம் இரண்டாகக் கிழியும்.

உலகப் படத்தோடு வேலை செய்யாமல் "கிளிப் ராஸ்டர் பை எக்ஸ்டென்ட்" கருவியால் 60, 80, 22, 36 என்ற எல்லைக்கு வெட்டிக்கொள்ளுங்கள். முழுப் பாகையில் வெட்டினால் ஒரு பாகைக்குச் சரியாக 24 பிக்சல் என்பதால் விளிம்பில் பிசகு வராது. ஒன்றை எதிர்பார்த்திருங்கள்: செல்சா வழியில் வந்த கட்டங்கள் வேர்ல்டுகிளைம் கட்டங்களிலிருந்து 0.00014 பாகை, அதாவது சுமார் 15 மீட்டர் தள்ளியிருக்கும். கியூஜிஐஎஸ் இதைக் கண்டுகொள்ளாது. அதே கோப்புகளை ஆர் (R) என்ற நிரல்மொழிக்கு எடுத்துப்போனால் எல்லைகள் பொருந்தவில்லை என்று நின்றுவிடும். கோப்பு பழுது என்று நினைத்து மறுபடி மறுபடி இறக்க வேண்டாம்.

பேயர் குழுவின் கோப்பு நெட்சிடிஎஃப் வடிவம். ராஸ்டராக, அதாவது பிக்சல் படமாகத் திறந்தால் ஆண்டுவாரி மாறிக்கு 72 பட்டைகள், காலத்துண்டுக்கு ஒன்றாக, தெரியும். பழையதிலிருந்து புதியதாக அடுக்கியிருந்தால் 72-ஆம் பட்டை இன்று, 68-ஆம் பட்டை 4,000 ஆண்டுகளுக்கு முன், 67-ஆம் பட்டை 5,000 ஆண்டுகளுக்கு முன். எண்ணி முடிவுசெய்யாமல் லேயரின் பண்புகளில் ஒவ்வொரு பட்டைக்கும் எழுதியிருக்கும் கால மதிப்பைப் பாருங்கள். மாதவாரி மாறிகளில் 864 பட்டைகள் இருக்கும். அங்கே ஆர் மொழியின் பாஸ்ட்கிளைம் தொகுப்பைப் பயன்படுத்துவது கண்ணுக்கு நல்லது.

ஊர்ப் பட்டியல்

சிஎஸ்வி கோப்பில் ஊர்ப்பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு, தேதி எப்படிக் கிடைத்தது, இடம் எவ்வளவு துல்லியம் என்று ஏழு பத்திகள் போதும். கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள். பின்னால் அழுவதும் அவற்றுக்காகத்தான்.

ஆயங்களில் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில்) வழக்கமான பிழை, பாகை-நிமிடத்தைத் தசமமாகத் தட்டச்சு செய்வது. 27 பாகை 19 நிமிடம் என்பது 27.32, அதை 27.19 என்று இட்டால் ஊர் 14 கி.மீ. தெற்கே போய்விடும், 2.5 நிமிடத் தரவில் மூன்று பிக்சல். சிந்து ஆற்றங்கரையில் மூன்று பிக்சல் என்பது வயலிலிருந்து வறண்ட நிலத்துக்குப் போகும் தூரம். சரிபார்க்க எளிய வழி: மொகஞ்சதாரோ 27.33, 68.14, ஹரப்பா 30.63, 72.87, தோலாவிரா 23.89, 70.21, ராக்கிகர்ஹி 29.29, 76.11. இந்த நான்கும் சரியான இடத்தில் விழுந்தால் பத்திகள் இடம்மாறவில்லை என்று கொள்ளலாம். பழைய நிலவரைகளிலிருந்து எடுத்த ஆயங்களில் சில நூறு மீட்டர் விலகல் இருக்கும், 2.5 நிமிடத் தரவுக்கு அது பொருட்டல்ல, 1 கி.மீ. தரவுக்குப் பொருட்டு.

தேதியில் நடக்கும் பிழை இன்னும் மோசம். பழைய அறிக்கைகளில் திருத்தப்படாத ரேடியோகார்பன் ஆண்டுகள் அப்படியே அச்சாகியிருக்கும். ஓர் அடுக்கின் தேதி 3,900 என்று இருந்தால், 4,200-க்குப் பிந்தைய துண்டில் போடத் தோன்றும். ரேடியோகார்பன் ஆண்டை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் இன்ட்கால்20 வளைவால் திருத்தினால் அது சுமார் 4,350 நாட்காட்டி ஆண்டுகளுக்கு முன் என்று வரும். அதாவது 4,200-க்கு முந்தைய துண்டு. திருத்தாமல் விட்ட ஒரே காரணத்தால் ஓர் ஊர் "ஈரக் கால"த்திலிருந்து "வறண்ட கால"த்துக்குத் தாவிவிடும். ஆக்ஸ்கால் போன்ற கருவியில் எல்லாத் தேதிகளையும் ஒரே வளைவால் திருத்திய பிறகே பட்டியலை உள்ளே ஏற்றுங்கள். ஏற்றும் வழி: டிலிமிட்டட் டெக்ஸ்ட் லேயர், ஆய முறை டபிள்யூஜிஎஸ் 84, இபிஎஸ்ஜி எண் 4326.

மாறியைத் தேர்வதில் உள்ள பொறி

19 மாறிகளில் பெரும்பாலோர் ஆண்டு மழையான 12-ஆம் எண்ணை எடுத்துவிட்டு வேலையை முடித்துக்கொள்வார்கள். சிந்துவெளிக்கு இது போதாது. கிழக்கே ஹரியானா, குஜராத் பக்கம் கோடைப் பருவமழை. மேற்கே பலூசிஸ்தானில் குளிர்கால மழை. நடுவில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். கோதுமையும் பார்லியும் குளிர்காலப் பயிர், தினையும் நெல்லும் கோடைப் பயிர். ஆண்டு மொத்தத்தில் இந்த வேறுபாடு முழுவதும் அழிந்துவிடும்.

சரி, "மழை மிகுந்த காலாண்டின் மழை" என்ற 16-ஆம் மாறியைக் கோடை மழைக்கு எடுக்கலாமா? ராக்கிகர்ஹியில் அந்தக் காலாண்டு ஜூலை–செப்டம்பர். பலூசிஸ்தானின் குவெட்டாவில் அது குளிர்காலம். ஒரே லேயருக்குள் ஒரு பாதி பருவமழையையும் மறு பாதி குளிர்கால மழையையும் காட்டும். வண்ணம் மட்டும் ஒன்றுபோல ஓடும். பழங்காலத்தில் இந்த எல்லை நகர்ந்திருந்தால், இரண்டு காலங்களைக் கழிக்கும்போது ஜூலையிலிருந்து ஜனவரியைக் கழித்த கதையாகிவிடும். "வெப்பம் மிகுந்த காலாண்டின் மழை" என்ற 18-ஆம் மாறி வடமேற்கில் மே, ஜூன் மாதங்களையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்; பருவமழையின் பின்பாதி வெளியே போகும். 8, 9, 18, 19 ஆகிய நான்கும் வெப்பத்தையும் மழையையும் பிணைத்துச் செய்யப்பட்டவை. ஆகவே வரைபடத்தில் திடீர்க் கோடுகள், வெட்டிவைத்த விளிம்புகள் தெரியும். அவை இயற்கை எல்லைகள் அல்ல, கணக்கின் தழும்புகள். தமிழ்நாட்டில் இந்தக் குழப்பம் இன்னும் கூடும்: கிழக்குக் கரையில் மழை மிகுந்த காலாண்டு அக்டோபர்–டிசம்பர், மலைத்தொடரின் மேற்குச் சரிவிலோ தென்மேற்குப் பருவம்.

இந்த நான்கில் குளிர் மிகுந்த காலாண்டின் மழையான 19-ஆம் மாறி சிந்துவெளியில் ஓரளவு நம்பத்தக்கது. டிசம்பர்–பிப்ரவரி என்று ஏறக்குறைய எங்கும் ஒரே மாதங்கள். மார்ச் மழையை மட்டும் அது விட்டுவிடும். மாதவாரித் தரவு கையில் இருந்தால் இந்தச் சிக்கல்களையெல்லாம் தாண்டிவிடலாம். நவம்பர்–ஏப்ரல் ஆறு மாதத்தைக் கூட்டி குளிர்காலப் பயிர் மழை, ஜூன்–செப்டம்பர் நான்கு மாதத்தைக் கூட்டி கோடைப் பயிர் மழை என்று நீங்களே இரண்டு லேயர் செய்துகொள்ளுங்கள். ஒரு நாள் கூடுதல் வேலை. முழு ஆய்வுக்கும் அது தாங்கும்.

ஊருக்கு மதிப்பு எடுத்தல்

ஒற்றைப் பிக்சல் மதிப்புக்கு "சாம்பிள் ராஸ்டர் வேல்யூஸ்" கருவி. ஊரைச் சுற்றியுள்ள விளைநிலத்துக்கு "பஃபர்" கருவியால் வட்டம் போட்டு, அதற்குள் உள்ள பிக்சல்களின் சராசரியை எடுக்க "ஸோனல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்". வேளாண் ஊருக்கு ஒரு மணி நேர நடை, அதாவது 5 கி.மீ. ஆரம் என்பது தொல்லியலில் 1970-களிலிருந்து வழக்கம்.

பஃபர் போடுமுன் ஊர் லேயரை மீட்டர் அலகுள்ள ஆய முறைக்கு மாற்ற வேண்டும். 4326-இல் வைத்துக்கொண்டு 5 என்று இட்டால் மென்பொருள் ஐந்து பாகை என்று எடுத்துக்கொள்ளும். மொகஞ்சதாரோவின் விளைநிலம் அரபிக்கடல்வரை நீளும். மீட்டர் அலகுள்ள யூடிஎம் முறையில் மொகஞ்சதாரோவும் தோலாவிராவும் மண்டலம் 42 வடக்கு, எண் 32642. ஹரப்பா, ராக்கிகர்ஹி, லோத்தல் யூடிஎம் 43 வடக்கு, எண் 32643. இப்படிப் பிரிப்பது எரிச்சல் என்றால் 28 வடக்கு, 72 கிழக்கை மையமாக வைத்து லாம்பர்ட் சமபரப்பு வீழல் (புரொஜெக்‌ஷன்) ஒன்றை நீங்களே வரையறுத்துக்கொள்ளலாம். பஃபர் கிடைத்தவுடன் அதை 4326-க்குத் திருப்புங்கள். ராஸ்டரைத் திருப்ப வேண்டாம். ராஸ்டரை வீழல் மாற்றும் ஒவ்வொரு முறையும் பிக்சல் மதிப்புகள் மறுகணக்காகும். மாற்றியே தீர வேண்டுமென்றால் பைலீனியர் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

5 கி.மீ. ஆர வட்டத்தின் பரப்பு 78 சதுர கி.மீ. அந்த அட்சரேகையில் 2.5 நிமிடப் பிக்சல் ஒன்று சுமார் 19 சதுர கி.மீ. வட்டத்துக்குள் நான்கே பிக்சல்தான் வரும். ஆகவே திட்டவிலக்கத்தைக் கணக்கிட்டு அட்டவணையில் போடுவதில் பொருளில்லை. கரையோர ஊர்களில் மைனஸ் 32,768 என்ற மதிப்பு வந்தால் அது மழை அல்ல, கடல். தரவில்லை என்பதன் குறி. லேயர் பண்புகளில் அந்த எண்ணைத் தரவற்றது என்று குறிக்காவிட்டால் சராசரி பாழாகும்.

கழிக்க வேண்டியது எதிலிருந்து எதை

பழங்கால மதிப்பைத் தனியாக வெளியிடாமல், இன்றோடு ஒப்பிட்ட மாற்றமாக வெளியிடுங்கள். மாதிரிகளின் பிழையில் ஒரு பகுதி கழித்தலில் அடிபடும். இன்றைய லேயர் பழங்கால லேயரின் குடும்பத்திலிருந்தே வர வேண்டும். பேலியோகிளைமின் இன்றைய அடித்தளம் 1979–2013 காலத்துக்கான செல்சா. அதற்குப் பதில் வேர்ல்டுகிளைமைக் கழித்தால், வரும் வேறுபாட்டில் பாதி இரண்டு நிறுவனங்கள் மலைமழையைக் கணக்கிட்ட முறையின் வேறுபாடாக இருக்கலாம். இமயமலை அடிவாரத்தில் பளிச்சென்று ஒரு பட்டை தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

வறண்ட நிலத்தில் மி.மீ. வேறுபாட்டை விட விகிதம் பேசும். ஆண்டுக்கு 100 மி.மீ. பெறும் இடத்தில் 30 மி.மீ. கூடுவது பெரிய செய்தி, 450 மி.மீ. பெறும் இடத்தில் அதே 30 பெரிதாக எதையும் மாற்றாது. ராஸ்டர் கால்குலேட்டரில் பழையதிலிருந்து இன்றையதைக் கழித்து, இன்றையதால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். இன்றைய மழை மிகக் குறைந்த பிக்சல்களில் விகிதம் 400, 900 என்று வெடிக்கும், 50 மி.மீ.க்குக் கீழுள்ள பிக்சல்களை முன்பே மறைத்துவிடுவது நல்லது. குளிர்கால மழைக்கு இந்த வரம்பை இன்னும் தாழ்த்த வேண்டியிருக்கும்.

புள்ளியியலுக்கு வருவோம். 200 ஊர்களின் மதிப்பை எடுத்து, முந்தைய காலத்துக்கும் பிந்தைய காலத்துக்கும் இடையே வேறுபாடு தற்செயலா என்று பார்க்கும் டி சோதனை ஓட்டி, தற்செயலாக நேரும் நிகழ்தகவு 0.001-க்குக் கீழ் என்று எழுதும் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அந்த 200 ஊர்களும் உட்கார்ந்திருப்பது பத்துப் பன்னிரண்டு மாதிரிக் கட்டங்களில். தனித்த சாட்சிகள் அவ்வளவுதான். சோதனை நடத்துவதானால் ஊர்களைக் கட்டவாரியாகத் தொகுத்துவிட்டு நடத்துங்கள். புள்ளியியல் முக்கியத்துவம் காணாமல் போனால், முதலிலேயே அது இருக்கவில்லை என்று பொருள்.

ஆறு எங்கே?

மொகஞ்சதாரோவில் இன்று ஆண்டு மழை 100 மி.மீ. அளவுதான். அந்த நகரம் வாழ்ந்தது சிந்து ஆற்றின் வெள்ளத்தால். அந்த வெள்ளம் வந்தது பல நூறு கி.மீ. வடக்கே மலைப்பனியிலும் மலைமழையிலுமிருந்து. ஊர்ப் பிக்சலின் மழையை எடுத்து அங்கே விளைச்சல் பேசுவது, மேட்டூரில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று பாராமல் தஞ்சாவூர்க் குறுவையைக் கணிப்பது போன்றது.

ஆற்றங்கரை ஊர்களுக்கு, மேலே உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதியின் சராசரியை எடுக்க வேண்டும். ஹைட்ரோபேசின்ஸ் தொகுப்பில் நீர்ப்பிடிப்பு எல்லைகள் 12 நிலைகளில் பலகோணங்களாகக் கிடைக்கும். ஒவ்வொரு பலகோணத்திலும் அடுத்துக் கீழே உள்ள பலகோணத்தின் எண் பதிந்திருக்கும். அந்தச் சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்தால் ஓர் ஊருக்கு மேலே உள்ள எல்லாப் பலகோணங்களையும் திரட்டிவிடலாம். திரட்டி, "டிஸால்வ்" கருவியால் ஒன்றாக இணைத்து, அந்த ஒற்றைப் பலகோணத்தில் ஸோனல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ். காலநிலை மாதிரியின் பெரிய கட்டங்களுக்கு இந்த அளவிலான நிலப்பரப்பு பொருந்திவருகிறது, ஐந்து கி.மீ. வட்டத்தைவிட இங்கே எண்ணுக்கு மதிப்பு கூடுதல்.

ஆனால் அந்த எல்லைகள் இன்றைய ஆறுகளுக்கானவை. காக்கர்–ஹக்ரா படுகையில் இது நேரடியாக இடிக்கும். அந்தத் தடத்தில் ஒருகாலத்தில் சட்லஜ் ஓடியது. காளிபங்கன் அருகே எடுத்த ஆற்றுமணலின் வயதைக் கணித்து 2017-இல் வெளியான ஆய்வின்படி, சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே, அதாவது நகரங்கள் எழுவதற்கு வெகுமுன்பே, சட்லஜ் இன்றைய போக்குக்கு மாறிவிட்டது. ஆகவே முதிர் ஹரப்பாக் காளிபங்கனுக்குச் சட்லஜ் நீர்ப்பிடிப்பைச் சேர்க்காதீர்கள். அடிவார மழையில் ஓடும் காக்கர் மட்டும் போதும். 9,000 ஆண்டுகளுக்கு முந்தைய நிலத்தைப் பேசுவதானால் சேர்க்க வேண்டும். தோலாவிரா இன்னொரு வகை: இரண்டு பருவ ஓடைகளை மறித்து நீர்த்தேக்கங்களில் நிரப்பிய ஊர். அங்கே ஆண்டு மழையைவிட, மழை எந்த அளவுக்கு ஓரிரு மாதங்களில் குவிகிறது என்ற 15-ஆம் மாறியைச் சேர்த்துப் பார்ப்பது பலன் தரும்.

மண்ணும் குகையும் சொல்வது

மாதிரி முடிவை, பழைய மழையின் தடம் தங்கிய ஏரி மண், குகைப் படிவு போன்ற இயற்கைப் பதிவுகளோடு வைத்துப் பார்க்காமல் வெளியிடக் கூடாது. தனி வெக்டர் (புள்ளி) லேயராக நான்கைந்து இடங்களைச் சேருங்கள்: ஹரியானாவின் கோட்லா தஹார் பழைய ஏரி, ராஜஸ்தானின் லூங்கரன்சர், தீத்வானா ஏரிகள், மேகாலயாவின் மவ்ம்லூ குகை, உத்தராகண்டின் சாஹியா குகை. ஒவ்வொன்றுக்கும் ஈரம் கூடிய காலம், குறைந்த காலம், தேதிப் பிழை ஆகியவற்றைப் பத்திகளாக இடுங்கள்.

இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாது; போக வேண்டியதுமில்லை. கோட்லா தஹாரில் 4,100 ஆண்டுகளுக்கு முன்னையொட்டிப் பருவமழை தளர்ந்த தடம் தெரிகிறது. லூங்கரன்சரோ நகரங்கள் எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வற்றிவிட்டது. நகர வாழ்வு அங்கே வறண்ட காலத்தில்தான் செழித்தது. ஒரு பதிவை மட்டும் எடுத்து மாதிரியோடு பொருத்தி, பொருந்திவிட்டது என்று மகிழ்வது எளிது. லூங்கரன்சரைச் சேர்த்தால் "மழை குறைந்தது, நகரம் வீழ்ந்தது" என்ற நேர்கோடு வளைந்துவிடும். அதற்காகவே அதைச் சேருங்கள்.

சில பதிவுகள் 2000-ஐ அடிப்படை ஆண்டாக எண்ணும். ஐம்பதாண்டு வித்தியாசம் நாலாயிரம் ஆண்டுச் சராசரியில் தெரியாது. நூறாண்டுப் படங்களோடு ஒப்பிடும்போது பாதிப் படம் தள்ளிப்போகும். செல்சா டிரேஸ் கோப்புகளின் வரிசை எண் எந்த ஆண்டிலிருந்து எண்ணப்படுகிறது என்பதையும் அதனுடன் வரும் குறிப்பில் பார்த்து, உங்கள் அட்டவணைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

வரைபடமாக்கும்போது

ஒவ்வொரு காலத்துக்கும் கியூஜிஐஎஸ் தானாகவே வண்ண எல்லையை அமைத்துவிடும். அப்படியே அச்சிட்டால் இரண்டு படங்களில் ஒரே நீலம் இரண்டு மழையளவைக் குறிக்கும். ஒரு லேயரில் எல்லைகளைக் கையால் அமைத்து, அந்தப் பாணியை நகலெடுத்து மற்ற லேயர்களில் ஒட்டுங்கள். மாற்ற வரைபடத்துக்குச் சுழியை நடுவாகக் கொண்ட இருபக்க வண்ணம். மலைநிழல் லேயரை அடியில் வைத்து அழகூட்டும் ஆசை வரும். இந்த வேலைக்கு அதைத் தவிருங்கள். இல்லாத நுணுக்கத்தைக் கண்ணுக்குக் காட்டுவதில் அதற்கு நிகரில்லை. அதற்குப் பதில் 3.75 பாகைக் கட்டத்தை மெல்லிய கோடாக மேலே வரையுங்கள். "கிரியேட் கிரிட்" கருவியில் அகலம், உயரம் இரண்டும் 3.75 என்று இட்டால், மூல மாதிரியின் கட்டங்களோடு அச்சாகப் பொருந்தாவிட்டாலும், அளவு புரியும்.

படத்தின் அடியில் தரவின் பெயர், பதிப்பு, காலத்துண்டின் தொடக்கமும் முடிவும், கழித்த அடித்தளம், மூல மாதிரியின் பெயரும் கட்ட அளவும் இருக்கட்டும். அந்த ஒரு வரி இல்லாமல் வந்த வரைபடத்தை வேறொருவர் தன் கட்டுரைக்கு எடுக்கும்போது, பிக்சல் அளவை மட்டும் பார்த்து அதை 5 கி.மீ. துல்லியம் என்று எழுதிவிடுவார்.